ஐம்பது ஆண்டாகச் சிப் செய்கிறோம். மலேசியச் சிப் எங்கே?

ஈப்போவில் மின்னணுப் பொறியியல் இறுதியாண்டு படிப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: “மலேசியா ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிப் தயாரிக்கிறது என்கிறார்கள். ஆனால் மலேசிய நிறுவனத்தின் பெயர் போட்ட சிப் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது அமெரிக்காவும் சீனாவும் சிப்புக்காக மோதுகின்றன. இது நமக்கு நல்ல காலமா, வெறும் பேச்சா?” பார்க்க இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும், இத்தனை காலம் நாம் செய்தது உண்மையான தொழில்தானா, அதை நம்பி ஒரு வாழ்க்கையைத் தொடங்கலாமா என்ற தவிப்புதான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. நான் 1997 முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சோதனைப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். முதல் பதினேழு ஆண்டுகள் இரண்டு அமெரிக்க நிறுவனங்களில். அதன் பிறகு சோதனை இயந்திரங்கள் செய்யும் உள்ளூர் நிறுவனம் ஒன்றில். வேஃபர், அதாவது சிப்புகள் உருவாகும் சிலிக்கான் வட்டத் தகடு, அதைச் செய்யும் ஆலைக்குள் நான் வேலை செய்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. பேக்கேஜிங் (சிப்பை உறையிடுவது), சோதனை பற்றிச் சொல்வது என் கையும் கண்ணும் பழகியது.

பழைய கணினி ஒன்று கிடைத்தால், ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் 64 போன்ற பழைய பிராசஸரை வெளியே எடுத்து, அதன் உலோக மூடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பலவற்றில் இரண்டு வரி பொறித்திருக்கும். ஒன்று ‘டிஃப்யூஸ்ட் இன் ஜெர்மனி’. மற்றொன்று ‘மேட் இன் மலேசியா’. உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த இரண்டு வரியில் இருக்கிறது. சிலிக்கான் வட்டத் தகட்டின்மேல் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை உருவாக்கியது டிரெஸ்டன் நகர ஆலை. அந்தத் தகடு விமானத்தில் பினாங்கு வந்து, துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு தாங்கியில் ஒட்டப்பட்டு, மின் இணைப்பு பெற்று, மூடி போட்டு, சூட்டிலும் குளிரிலும் சோதிக்கப்பட்டு, பெட்டியில் அடைபட்டுப் போயிருக்கிறது. வடிவமைப்பு அமெரிக்காவில் நடந்தது. அது மூடியில் எழுதப்படவே இல்லை. ஆகவே மலேசியா சிப் செய்கிறது என்பது பொய்யல்ல. சிப் என்பது ஒரே இடத்தில் பிறக்கும் பொருளல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம் வருகிறது.

நம் பங்கு எவ்வளவு என்பதில் சந்தேகமில்லை. உலகில் நடக்கும் சிப் பேக்கேஜிங், சோதனை வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது அரசும் தொழில்துறையும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. சிப் ஏற்றுமதியில் உலகில் ஆறாவது இடம் என்பதும் அப்படியே. மூன்றரைக் கோடிக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டுக்கு இது பெரிய பங்கு. ஆனால் ஒரு சிப்பின் விலையில் பெரும்பகுதி வடிவமைப்பிலும் வேஃபர் தயாரிப்பிலும் சேர்கிறது. நம் கையில் இருப்பது சங்கிலியின் கடைசிக் கண்ணி. அங்கே நாம் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

1960களின் இறுதியில் பினாங்குத் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்கு ஏற்றி இறக்கி வாழ்ந்த ஊரில் வேலையின்மை கடுமையாகியது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் யூ முன்னால் இருந்த கேள்வி தொழில்நுட்பம் பற்றியதல்ல. படித்துவிட்டுத் தெருவில் நிற்கும் இளைஞர்களுக்கு வேலை எங்கே என்பதுதான். பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1969இல் அமைந்தது. பாயான் லெப்பாஸில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலம் 1972இல் சுதந்திர வர்த்தக மண்டலமானது. இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இங்கே இன்றும் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்பார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை பினாங்கில்தான். அடுத்த ஆண்டே மலாக்காவில் சீமென்ஸ் வந்தது. அந்த ஆலை பிற்பாடு இன்ஃபினியனுடையது ஆனது. அவர்கள் தேடிவந்தது குறைந்த கூலி, வரிச்சலுகை, ஆங்கிலம் தெரிந்த ஆட்கள், பக்கத்திலேயே விமான நிலையம். சிப் எடை குறைந்தது, விலை கூடியது. விமானத்தில் அனுப்பினாலும் கட்டுப்படியாகும்.

அந்தக் கூலி வேலை எப்படி இருந்தது என்பதை என் சின்னம்மா வழியாக அறிவேன். செபராங் பிறை பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1978இல் பத்தொன்பது வயதில் ஆலைக்குப் போனவர் அவர். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆலைப் பேருந்து, பிறகு ஃபெர்ரி, மறுபடியும் பேருந்து. வேலை என்னவென்றால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள தங்கக் கம்பியை சிலிக்கான் துண்டின் ஓரத்தில் இருக்கும் புள்ளியில் ஒட்டி, வளைத்து, தாங்கியின் காலில் மறுமுனையை ஒட்டுவது. ஒரு சிப்புக்குப் பதினான்கு, பதினாறு கம்பி. அடுத்த சிப். அடுத்த சிப். கம்பியின் வளைவு கொஞ்சம் தாழ்ந்தால் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும். கொஞ்சம் உயர்ந்தால் பிசின் ஊற்றும்போது சாய்ந்துவிடும். முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுவிட்டார். அவர் பக்கத்தில் கெடா, பெர்லிஸ் கிராமங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள், ஜார்ஜ்டவுன் சீனப் பெண்கள். இந்த நாட்டின் மின்னணுத் தொழில் அந்தப் பெண்களின் கண்களில் எழுந்தது. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்று அதே வேலையை ஓர் இயந்திரம் ஒரு விநாடியில் பத்துக்கும் மேற்பட்ட கம்பிகளாக ஒட்டிவிடுகிறது. தங்கத்துக்குப் பதில் பெரும்பாலும் செம்பு. ஓர் இயந்திரத்துக்கு ஒரு பெண் இருந்த நிலை போய், ஒருவரே பல இயந்திரங்களைக் கவனிக்கிறார்.

அப்படியானால் தைவான் மட்டும் எப்படி மேலே போனது என்பது அடுத்துத் தானாக எழும் கேள்வி. அவர்களும் 1960களில் இதே தைக்கும் ஒட்டும் வேலையில்தான் தொடங்கினார்கள். ஆனால் 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் பழைய தொழில்நுட்பம் ஒன்றை அரசு விலைகொடுத்து வாங்கி, இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிக் கற்றுக்கொள்ள வைத்தது. திரும்பி வந்தவர்கள் அரசு ஆய்வுக்கூடத்தில் சோதனை ஆலை நடத்தினார்கள். அதிலிருந்து 1980இல் யூஎம்சி என்ற சிப் நிறுவனம் பிறந்தது. 1987இல் மோரிஸ் சாங் தலைமையில், பிறர் வடிவமைத்த சிப்பை வேஃபரில் செய்துதரும் டிஎஸ்எம்சி பிறந்தது. அதன் தொடக்க மூலதனத்தில் ஏறக்குறைய பாதி அரசுப் பணம். நம்மிடம் மிமோஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கியது 1985இல். சொந்த வேஃபர் ஆலையாகக் கூலிமில் சில்டெரா நிறுவப்பட்டது 1995இல். உற்பத்தி சூடுபிடிக்கும்போது தைவான் எட்ட முடியாத தூரம் போயிருந்தது. கூச்சிங்கில் சரவாக் அரசின் முயற்சியான ஃபர்ஸ்ட் சிலிக்கான் 2006இல் ஜெர்மனியின் எக்ஸ்-ஃபேபுடன் இணைந்தது. சில்டெரா பல ஆண்டுகள் நட்டத்தைச் சுமந்து, 2021இல் 27.3 கோடி ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டது. அறுபது விழுக்காடு டிநெக்ஸ் என்ற மலேசிய நிறுவனத்துக்கு, நாற்பது விழுக்காடு பெய்ஜிங் முதலீட்டு நிதி ஒன்றுக்கு.

இதை வைத்து, நம் தலைவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. 1972இல் கேட்டது வேலை, வேலை கிடைத்தது. தவறு அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளில் நடந்தது. சுதந்திர வர்த்தக மண்டலத்தின் வேலிக்குள் மூலப்பொருள் வரியின்றி வந்து, சிப் வரியின்றி வெளியே போனது. வேலிக்கு உள்ளே நடப்பதற்கும் வெளியே இருக்கும் நாட்டுக்கும் சம்பளத்தைத் தவிர வேறு தொடர்பு வேண்டியதில்லை என்று இருந்துவிட்டது. வந்த நிறுவனத்திடம் எத்தனை பேருக்கு வேலை தருவாய் என்று கேட்டோம். என்ன கற்றுத் தருவாய் என்று கேட்கப் பிந்திவிட்டோம். 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் அதைக் கேட்ட முதல் நல்ல முயற்சிகளில் ஒன்று. நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய அந்த மையத்தில் பயின்ற டெக்னீஷியன்கள்தான் என்னைப் போன்ற பட்டதாரிகளுக்கு இயந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. இரவுப் பணி, மணி இரண்டு இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு சிப்பைச் சோதிக்கும் இயந்திரத்தில் தேர்ச்சி விழுக்காடு மளமளவென்று சரிந்தது. கசிவு மின்னோட்டம் எல்லையைத் தாண்டுகிறது என்று திரை காட்டியது. சோதனை நிரலில் ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லை. கலிஃபோர்னியாவில் அப்போது காலை பதினொன்று. தொலைபேசியில் கூப்பிட்டேன். அங்கிருந்த பொறியாளர் வேஃபரிலேயே கோளாறு இருக்கலாம், உற்பத்தியை நிறுத்துங்கள் என்றார். என் பக்கத்தில் கெடா கிராமத்திலிருந்து வந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர், பள்ளிப் படிப்போடு நின்றவர், ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தோல்வி அடைந்த சிப்பெல்லாம் மூன்றாம் இடத்திலிருந்து மட்டும் வருகிறது என்று காட்டினார். மூன்றாம் இடத்துச் சாக்கெட்டைக் கழற்றி முதலாம் இடத்தில் போட்டார். கோளாறும் முதலாம் இடத்துக்கு நகர்ந்தது. சாக்கெட்டின் ஊசிகளுக்கு நடுவே ஈயத் துகள் படிந்து மெல்லிய கசிவுப் பாதை உண்டாகியிருந்தது. துடைத்துப் போட்டோம், சரியாகிவிட்டது. ஆனாலும் காலை வரை இயந்திரத்தை ஓட்ட முடியவில்லை; ஓட்டலாம் என்று சொல்ல வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

இந்தத் தொழிலை அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோல் அந்த இரவில் கிடைத்தது. மூடியில் யார் பெயர் இருக்கிறது, எத்தனை கோடி முதலீடு வந்தது என்பதைவிட, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். நான் பார்க்கப் பார்க்கவே அது நகர்ந்திருக்கிறது. நான் சேர்ந்தபோது சோதனை நிரல் வெளிநாட்டில் எழுதப்பட்டு வந்தது. 2000க்குப் பிறகு அதில் பெரும்பகுதியைப் பினாங்கிலேயே எழுதினோம். நான் வேலை பார்த்த இரண்டாவது நிறுவனத்தில் ஒரு புதிய சிப்பின் சோதனைத் திட்டம் முழுவதும், எதைச் சோதிப்பது, எதை விடுவது என்பது உட்பட, எங்கள் குழுவின் பொறுப்பு. சிப் வடிவமைப்புக் குழுக்களும் இங்கே வளர்ந்தன. இது அரசு அறிக்கையில் பெரிய எண்ணாகத் தெரியாத வளர்ச்சி. ஆனால் உண்மையான வளர்ச்சி.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டு ஆலைகளில் பழகியவர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கினார்கள். பென்டாமாஸ்டர் 1991இல் வந்தது. தானியங்கி இயந்திரங்கள் செய்கிறது. விட்ராக்ஸ் 2000இல், சிப்பின் கால்களும் எழுத்துகளும் சரியாக இருக்கின்றனவா என்று கேமரா கொண்டு பார்க்கும் அதன் இயந்திரங்கள் பல நாட்டு ஆலைகளில் ஓடுகின்றன. இனாரி 2006இல் தொடங்கி, கைப்பேசிக்குள் இருக்கும் ரேடியோ அலைவரிசைச் சிப்புகளை உறையிட்டுச் சோதித்துப் பெரிதானது. ‘மலேசியச் சிப் எங்கே’ என்று கேட்டீர்களே, சிப்பைச் சோதிக்கும் மலேசிய இயந்திரம் இருக்கிறது என்பது என் முதல் பதில். சாதாரண வாங்குபவர் கண்ணில் அது படாது. உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் ஏதோ ஒரு சிப்பை அது பார்த்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இனி மோதல் பற்றி. 2018இல் சீனப் பொருள்கள்மீது அமெரிக்கா கூடுதல் வரி போடத் தொடங்கியதும், 2022 அக்டோபரில் உயர்நிலைச் சிப்புகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகாமல் தடுத்ததும் உங்களுக்குத் தெரியும். அதன் பலன் பினாங்கில் கண்கூடு. பத்து காவானில், சிப் செய்யும் கருவிகளைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான லாம் ரிசர்ச் 2021இல் திறந்த ஆலை அந்த நிறுவனத்தின் உற்பத்தி இடங்களிலேயே பெரியது. அதே ஆண்டு டிசம்பரில் இன்டெல் மேம்பட்ட பேக்கேஜிங்குக்காக 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. 2024 ஆகஸ்டில் கூலிமில் இன்ஃபினியன் சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின்னாற்றல் கருவிகளுக்கும் தேவைப்படும் பவர் சிப்புகள் அங்கே வேஃபரிலிருந்தே உருவாகின்றன. முதல் கட்டத்துக்கு மட்டும் 200 கோடி யூரோ. சீனாவுக்கு வெளியே இன்னோர் இடம் வேண்டும் என்று தேடியவர்களுக்கு, ஐம்பது ஆண்டு பழகிய ஆட்களும் அவர்களைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகப் பட்டறைகளும் இருந்த ஊர் கண்ணில் பட்டது. இது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. சின்னம்மா காலத்திலிருந்து சேர்ந்த சேமிப்பு.

சீன நிறுவனங்களும் இதே காரணத்துக்காக இங்கே வருகின்றன என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். எட்டுச் சாமுராய்களில் ஒன்றான ஏஎம்டியின் பினாங்கு ஆலையில் 85 விழுக்காட்டைச் சீனாவின் டோங்ஃபு மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் 2016இல் வாங்கிவிட்டது. அமெரிக்க நிறுவனம் வடிவமைத்து, தைவானில் வேஃபர் ஆகும் சிப்பைச் சீன நிறுவனத்துக்குச் சொந்தமான ஆலையில் மலேசியர்கள் உறையிடுகிறார்கள். ஈப்போவில் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேக்கேஜிங் நிறுவனமான யூனிசெம்மிலும் 2019 முதல் சீனாவின் ஹுவாதியன் பெரும் பங்குதாரர். ‘எந்தப் பக்கமும் சாயாத நாடு’ என்று நம் அரசு சொல்வதன் பொருள் இதுதான். இரு தரப்பாரும் ஒரே மண்டலத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கிறார்கள்.

கடைசிக் கண்ணி என்று நம் வேலையைத் தாழ்வாகப் பேசியவர்களுக்கு அண்மை ஆண்டுகள் இரண்டு பாடம் கொடுத்தன. 2021இல் கோவிட் முடக்கத்தின்போது மூவாரில் ஒரு பேக்கேஜிங் ஆலையில் பணி தடைப்பட்டது. உலகெங்கும் கார் ஆலைகள் சிப் இல்லாமல் நின்றன. 2025 செப்டம்பர் இறுதியில் நெதர்லாந்து அரசு, சீனருக்குச் சொந்தமான நெக்ஸ்பீரியா நிறுவனத்தின் நிர்வாகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. சில நாள்களில், சீனாவில் பேக்கேஜிங் ஆகும் அந்த நிறுவனச் சிப்புகள் வெளியே போவதைப் பெய்ஜிங் தடுத்தது. அவை கார் விளக்கு, கண்ணாடி போன்றவற்றை இயக்கும் மிக மலிவான சிப்புகள். வேஃபர் ஐரோப்பாவில் தயாராகி என்ன பயன்? உறையிட முடியாமல் ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் திணறின. அந்த நிறுவனத்துக்குச் சிரம்பானிலும் ஓர் ஆலை இருக்கிறது என்பதை இங்குள்ள எல்லோரும் அந்த வாரம் நினைத்துக்கொண்டோம். மேலும், செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளில் பல துண்டுகளை அருகருகே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைப்பதே இப்போது பெரிய தொழில்நுட்பம். முன்பு வேஃபர் ஆலையில் மட்டும் இருந்த நுணுக்கம் பேக்கேஜிங்குக்கு இறங்கி வந்துகொண்டிருக்கிறது. நம் கண்ணி கனமாகிறது.

ஆனால் என் அளவுகோலை இங்கேயும் வைத்துப் பாருங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளியிட்ட விதி ஒன்று, உயர்நிலை ஏஐ சிப்புகளை எந்த நாடு எத்தனை வாங்கலாம் என்று நாடுகளைத் தரம் பிரித்தது. மலேசியா இரண்டாம் தரத்தில் வைக்கப்பட்டது. அந்த விதி மே மாதத்தில் கைவிடப்பட்டது. இரண்டு முடிவும் வாஷிங்டனில் எடுத்தவை. மலேசியா வழியாகச் சிப் சீனாவுக்குக் கடத்தப்படுகிறதோ என்ற சந்தேகம் வலுத்ததால், 2025 ஜூலை 14 முதல் அமெரிக்க ஏஐ சிப்புகளை இங்கிருந்து வெளியே அனுப்பவோ வழிமாற்றவோ 30 நாள் முன்னதாக அறிவித்து அனுமதி பெற வேண்டும் என்று நம் அரசே விதி போட்டது. ஆகஸ்டில் மலேசியப் பொருள்கள்மீது 19 விழுக்காடு அமெரிக்க வரி வந்தபோது சிப்புக்கு விலக்கு இருந்தது. விலக்கு என்பது கொடுப்பவர் நினைத்தால் எடுத்துவிடக்கூடியது. மறுபக்கம், 2023இல் சிப்புக்கு வேண்டிய மூலப்பொருள்களான காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. அதிலும் நம்மை யாரும் கேட்கவில்லை. இருவர் மோதும்போது நடுவில் நிற்பவருக்கு வியாபாரம் கூடுகிறது என்பது உறுதி. அது நிலைக்கும் என்பது உறுதியல்ல.

அரசு இதைப் புரிந்துகொண்டிருக்கிறது என்றே நம்புகிறேன். 2024 மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகத்தில் அரசின் ஆதரவு குறைந்தது 2,500 கோடி ரிங்கிட். முதற்கட்டத்தில் 50,000 கோடி ரிங்கிட் முதலீடு. 60,000 திறன்மிக்க பொறியாளர்கள். வடிவமைப்பிலும் மேம்பட்ட பேக்கேஜிங்கிலும் பெரிய மலேசிய நிறுவனங்கள் பத்தையாவது வளர்க்க வேண்டும் என்ற இலக்கும் இருக்கிறது. அதே ஆண்டு பூச்சோங்கில் சிப் வடிவமைப்புப் பூங்கா திறந்தார்கள். 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்துடன் பத்தாண்டுக்கு 25 கோடி டாலர் ஒப்பந்தம்; அதில் வடிவமைப்பு உரிமங்களும் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியும் அடங்கும். பினாங்கைச் சேர்ந்த ஸ்கைசிப் அந்த ஆண்டு ஆகஸ்டில் இங்கேயே வடிவமைத்த ஏஐ பிராசஸர் ஒன்றை அறிமுகம் செய்தது. நீங்கள் தேடும் ‘மலேசியச் சிப்’புக்கு மிக அருகில் வருவது அதுதான். அதை வேஃபரில் வார்க்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்த இலக்குகளில் பணம் எனக்குக் கவலை தருவதில்லை. 60,000 என்ற எண்தான் கவலை. பயிற்சி கொடுப்பது கடினமல்ல. பயிற்சி பெற்றவரை ஐந்தாம் ஆண்டிலும் இங்கே வைத்திருப்பதுதான் கடினம். என் குழுவில் நான் பழக்கிய இளைஞர்களில் மிகத் திறமையானவர்கள் மூவர் இன்று சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் டாலர் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் போகும்போது, வயதான பெற்றோரும் வீட்டுக் கடனும் உள்ளவரிடம் நாட்டுப்பற்றுப் பேச என்னால் முடியவில்லை. பிராட்காமின் தலைவர் ஹாக் டான் பினாங்கில் பிறந்தவர். 2025 மார்ச்சில் இன்டெல் தலைமைக்கு வந்த லிப்-பூ டான் மூவாரில் பிறந்தவர். உலகின் இரண்டு பெரிய சிப் நிறுவனங்களை நடத்தும் மனிதர்களைப் பெற்ற நாடு, அவர்கள் இங்கேயே இருந்து எழுப்பியிருக்கக்கூடியதைப் பெறவில்லை. சம்பளம், பல்கலைக்கழக இடம், பதவி உயர்வு ஆகியவற்றில் தகுதிக்கு உரியது கிடைக்கும் என்ற நம்பிக்கை எல்லா இனப் பிள்ளைகளுக்கும் வராத வரை இந்தக் கசிவு நிற்காது என்பது என் கருத்து. இதில் என்னோடு மாறுபடுபவர்கள் உண்டு.

உங்கள் தனிப்பட்ட கேள்விக்கு வருகிறேன். ஆம், வாருங்கள். இது உண்மையான தொழில். மோதல் தணிந்து முதலீட்டு வேகம் குறைந்தாலும் சோதனை, பேக்கேஜிங், அவற்றுக்கான இயந்திரம் ஆகியவற்றில் இங்கே சேர்ந்திருக்கும் அறிவு ஒரே ஆண்டில் வேறு நாட்டுக்குப் பெயர்ந்துவிடாது. வியட்நாமும் இந்தியாவும் வேகமாக வருகின்றன என்பது மெய். வெறும் ஒட்டும் வேலையாக இருந்தால் அது அவர்களிடம் போகும். படிக்கும் காலத்திலேயே மின்னணுவோடு வெப்பமும் பொருளறிவியலும் கொஞ்சம் சேர்த்துப் படியுங்கள். மேம்பட்ட பேக்கேஜிங்கில் எங்களுக்கு வரும் தலைவலிகளில் பாதி, ஒட்டிய இரண்டு பொருள் சூட்டில் வெவ்வேறு அளவு விரிவதால் வருபவை. புள்ளியியல் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இரவில் மூத்த டெக்னீஷியன் தாளில் போட்ட கோடும் புள்ளியியல்தான்.

நேர்காணலுக்குப் போகும் இடத்தில் உங்களுக்கும் கேள்வி கேட்க நேரம் தருவார்கள். சம்பளத்தைக் கேட்டு முடித்த பிறகு இதைக் கேளுங்கள்: “இரவு இரண்டு மணிக்குத் தேர்ச்சி விழுக்காடு சரிந்தால், இயந்திரத்தை ஓட்டலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்பவர் எந்த ஊரில் இருக்கிறார்?” பதில் வெளிநாடாக இருந்தாலும் சேரலாம், கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், மூன்று ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் பினாங்கு, கூலிம், ஈப்போ என்று வந்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.